மஞ்சள் அட்டை கட்டிய கடிதம்

நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை கேட்டாய். இன்று வியாழன். சனிக்கிழமை ஐந்து மணிக்குள், சேர்கிறேன் என்ற படிவம் டெல்லிக்கு ஃபேக்ஸில் போக வேண்டும். போகாவிட்டால் எம்.எஸ்ஸி. கணிதத்தில் உனக்கு ஒதுக்கிய இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். இந்த இரண்டு நாளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே குழம்பை ஊற்றிக்கொள்கிறோம். பேசவில்லை. எதிரில் உட்கார்ந்தால் நான் எதையாவது கெட்டிக்காரத்தனமாகச் சொல்லித் தப்பித்துவிடுவேன், உனக்கும் அது தெரியும். எழுதினால் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது என்று நினைக்கிறேன். இதைப் படித்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன் அப்பாவிடம், பக்கத்து வீட்டு மஞ்சுளாவிடம், உன் தோழிகளிடம். எனக்கு ஒளிக்க எதுவும் மிச்சமில்லை.

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் முதல் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வீடு வந்தேன். நீ சான்றிதழ் வாங்கக் கிருஷ்ணகிரிக் கல்லூரிக்குப் போயிருந்தாய். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். உன் பெயருக்கு வந்ததை நான் பிரித்தேன். அது முதல் தப்பு. காகிதம் மெலிசாக இருந்தது. முத்திரை கொஞ்சம் சாய்ந்து, ஓரத்தில் மை கசிந்திருந்தது. உன் அப்பா பெயர் முனிராஜ் என்பதற்குப் பதில் முனிராம் என்று அடித்திருந்தார்கள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் பார்த்துவிட்டேன். பத்தொன்பது வருடமாக என் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. பிறகுதான் படித்தேன். நீ தேர்வாகியிருக்கிறாய் என்று இருந்தது. உட்காரக்கூட இல்லை. நின்றுகொண்டே மறுபடி காகிதத்தின் ஓரத்தைப் பார்த்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் நான் என்ன ஆனேன் என்பது தெரியாது. வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில், வெளியிலிருந்து வருகிற சரக்கைச் சோதித்து உள்ளே விடுகிற மேஜை என்னுடையது. சரியாக இருந்தால் பச்சை அட்டை. தப்பாக இருந்தால் சிவப்பு. இரண்டும் சொல்ல முடியாவிட்டால் மஞ்சள். மஞ்சள் அட்டை கட்டிய பெட்டியைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம். அது ஹோல்டு. யாரும் தொடக் கூடாது. யார் மேலும் குற்றம் இல்லை. அனுப்பியவன் கோபப்பட முடியாது, வாங்கியவன் அவசரப்படுத்த முடியாது. எனக்குப் பிடித்த நிறம் அது. மறுநாள் காலை உன் கடிதத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். வைப்பதற்கு முன்னால், கை தன் போக்கில், ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நூலால் உறையில் கட்டியது. அட்டையில் நான்கு கட்டம் உண்டு. நான்கையும் நிரப்பினேன். கம்பெனியில் காரணத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். இதில் தமிழில் எழுதினேன்.

வேண்டாம் என்று சொல்லவில்லையே, நிறுத்தித்தானே வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் நீ கேட்பாய். "ம்மா, தபால் வந்துச்சா?" வரலை என்பேன். "ரிஜிஸ்டர் தபால்கூட?" எதுவும் வரலைடி, வந்தா குடுக்க மாட்டேனா. இப்படி ஒரு நாள் இல்லை, பதினோரு நாள். நீ பஸ் நிலையம் பக்கத்து நெட் சென்டரில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து, தேர்வு முடிவு போடுகிற பக்கம் திறக்கவே இல்லை என்று வந்தாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது.

விசாரிக்காமல் இல்லை. மஞ்சுளாவிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். அவள் ராகிக் களியை, அவள் கன்னடத்தில் முத்தே, கிளறிக்கொண்டே சிரித்தாள். "ஏன்க்கா, பெங்களூர்ல இல்லாத காலேஜா? அத்திப்பள்ளி தாண்டினா காலேஜுதான் தெரியுது. காலையில பஸ் ஏறுனா, சாயங்காலம் முத்தே திங்க மனைக்கு வந்திடலாம். டெல்லியில யாரு போடுவாங்க முத்தே?" நான் அதை உடனே ஒப்புக்கொண்டேன். எனக்கு வேண்டிய பதில் அது. ஆனாலும் அரிப்பு போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் பேக்கிங் பிரிவு திவாரியை எஸ்டிடி பூத்துக்கு அழைத்துப்போனேன். பன்னிரண்டு வருடமாக ஓசூரில் இருக்கிற மனிதர். மூன்று பெண்களுக்குத் தகப்பன். கடிதத்தில் இருந்த நம்பரைப் போட்டு இந்தியில் பேசினார். அந்தப் பக்கத்தில் யாரோ சத்தம் போடுவது எனக்கே கேட்டது.

"மேடம், பேர் இருக்குது சொல்றான். ஆறாம் நம்பர்."

"இனிஷியல் கேளுங்க."

கேட்டார். "இனிஷியலும் அதேதான் சொல்றான்."

"பிறந்த தேதி?"

"மேடம், அவன் சண்டைக்கு வர்றான். வரலைன்னா சொல்லிடு, பின்னாடி லைன்ல நிறைய பேர் நிக்குதுன்னு சொல்றான்."

"இன்னொரு தடவை பேரை மட்டும் படிக்கச் சொல்லுங்க, திவாரி."

அவர் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என் பொண்ணுக்கு இப்படி ஒரு லெட்டர் வந்தா நான் இந்நேரம் கம்பெனிக்கே லட்டு குடுத்திருப்பேன். நீங்க பிறந்த தேதி கேக்குறீங்க." பிறகு அவராகவே நன்றி சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார்.

நான் உன்னிடம் சொல்ல வேண்டியது இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதுவரை செய்ததற்குக் காரணம் உண்டு. கடிதம் போலியோ என்று பயந்தேன், ஒரு தாய் பயப்படலாம். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அந்தப் பயம் தீர்ந்துவிட்டது. கடிதம் உண்மை. அதற்குப் பிறகும் நான்கு நாள் அதை வைத்திருந்தேன். எதற்காக? இந்த நான்கு நாளைத்தான் என்னால் எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியவில்லை.

கடைசியில் கடிதத்தை உன்னிடம் கொடுத்தது நல்ல மனதால் என்று நினைக்காதே. திங்கட்கிழமை ஆடிட். இழுப்பறைகளைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் உறையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நீ பெங்களூருவில் ஏதோ கம்பெனியின் இன்டர்வியூ முடித்து வந்தாய். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாய். "நீ சொன்னது சரிதான்ம்மா. பரிச்சை எழுதுனப்பவே தெரிஞ்சுது. அங்க வந்தவங்க எல்லாம் வேற மாதிரி. நமக்கு எதுக்கு அதெல்லாம்?" அவ்வளவும் என் வார்த்தை. டெல்லிக்கான நுழைவுத் தேர்வு அன்று பெங்களூருவிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சொன்னது. அத்திப்பள்ளி தாண்டும்போது சொன்னேன், நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். இப்போது அதே வரிசையில், அதே இடத்தில் மூச்சு வாங்கி, நீ சொன்னாய். பையில் கைவிட்டு உறையை எடுத்து நீட்டினேன். அட்டை கட்டியபடியே இருந்தது. அவிழ்க்கத் தோன்றவில்லை. பத்தொன்பது வருடத்தில் அட்டையை அவிழ்க்காமல் நான் எதையும் வெளியே விட்டதில்லை.

நீ முதலில் சிரித்தாய். "என்னம்மா இது, பிரேக் டிரம்மா?" பிறகு உரக்கப் படித்தாய். பொருள்: கடிதம். எண்ணிக்கை: ஒன்று. காரணம்: தேர்வானது சரிதானா என்று தெரியவில்லை. சோதித்தவர்: என் கையெழுத்து, தேதியோடு. தேதியை இரண்டு முறை பார்த்தாய். உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தாய். பிறகு கேட்டாய். "ஏம்மா, அந்த லிஸ்ட்ல என் பேரு தப்பா ஏறியிருக்கும்னு நெனச்சியா?" உன் அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரியும். பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு என்னிடம் வந்தார். ராயக்கோட்டைக்காரர், கத்த மாட்டார், குரல் தாழ்ந்தால்தான் பயப்பட வேண்டும். "நான் மெஷின்ல ஓட்டுன பீஸ நானே பாஸ் போட்டா கம்பெனியில வுடுவானா? வேற ஆளுதான பாக்கணும்? நீ பெத்தத நீயே என்னாத்துக்கு செக் பண்ணிக்கினு கெடக்குற? பாக்க வேண்டியவன் பாத்து பாஸ் போட்டு அனுப்பிட்டான்." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நீ கோபமே இல்லாமல், "நான் போகலைம்மா. உனக்கே தோணுதுன்னா ஏதோ இருக்கும்" என்றாய். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆமாம். அப்படித்தான் நினைத்தேன். உன் பெயர் தவறாக ஏறியிருக்கும் என்று நினைத்தேன். இதுதான் உன் கேள்விக்குப் பதில்.

இது புதிதல்ல. நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிகளுக்கிடையே நடந்த கணக்குப் போட்டியில் முதல் பரிசு வாங்கி வந்தாய். மறுநாள் நான் உன் டீச்சரைப் பார்த்து "மத்த ஸ்கூல்ல இருந்து யாரும் வரலையா டீச்சர்?" என்று கேட்டேன். நீ என் பக்கத்தில் நின்றாய். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. நான் ரோல் நம்பரை மூன்று முறை சரிபார்த்தேன். மற்றவர்கள் மார்க் குறைந்ததென்று மறுகூட்டலுக்குப் போவார்கள். நான் ஆபீஸ் அறையில் போய், இது இவளுடையதுதானா என்று கேட்டேன். கிளார்க் சிரித்தார், நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். இதை உறவுக்காரர்களிடம் வேடிக்கையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் நீ எழுந்து உள்ளே போவாய். தண்ணீர் குடிக்கப் போகிறாய் என்று நினைத்துக்கொள்வேன். பெங்களூருவில் நுழைவுத் தேர்வு அன்று, முழு நேரம் முடிவதற்குள் நீதான் முதலில் வெளியே வந்தாய். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். தெரியாமல் எழுந்து வந்துவிட்டாய். கார்களில் வந்த பிள்ளைகள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு வந்திருப்பாய் என்று தோன்றவே இல்லை. கேட்கவும் இல்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், பஸ் ஏறினோம்.

என் சந்தேகத்துக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன், நீ கேட்டிருக்கிறாய். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நல்ல மனிதர் என்று நம்பி ஒரு சப்ளையரின் பின்களை அளக்காமல் விட்டேன். அவை வண்டி கட்டுகிற கம்பெனியில் போய்ப் பொருந்தாமல், அங்கே லைன் நின்றது. இரண்டு நாள் கூண்டுக்குள் நின்று ஒவ்வொரு பின்னாகப் பொறுக்கினேன். கம்பெனியில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். "என்னம்மா, கல்லு பொறுக்குறியா?" என்றார்கள். அன்றிலிருந்துதான் நான் இப்படி ஆனேன் என்று சொல்வேன். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை. அதற்கு முன்பே நான் இப்படித்தான்.

இதை உன் அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை. திருச்சியில் பி.எஸ்ஸி. முடித்தபோது எனக்குச் சென்னையில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் வந்தது. உன் தாத்தா அனுப்பவில்லை, பெண் பிள்ளைக்குப் பட்டணம் எதற்கு என்று தடுத்துவிட்டார் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நீ சின்ன வயதில் அதற்காக அவரோடு ஒரு லீவு முழுக்கப் பேசவில்லை. அவர் தடுக்கவில்லை. ஒரு பச்சை நிறத் தகரப் பெட்டி வாங்கி, மூடியில் என் பெயரைப் பெயின்டரை வைத்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். நான்தான் போகவில்லை. பெயர் மாறி வந்திருக்கும், அங்கே போய் நின்றால் நீ இல்லை வேறொருத்தி என்று திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். தேதி தாண்டிவிட்டது. பிறகு யாராவது கேட்டால் அப்பா விடவில்லை என்றேன். அவர் காது கேட்கும் தூரத்திலேயே சொல்லியிருக்கிறேன். அவர் ஒருமுறைகூட மறுக்கவில்லை. இறக்கும் வரை அந்தப் பழியைச் சுமந்தார். நீ பேசாமல் இருந்த அந்த லீவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குழந்தைகிட்டயாவது சொல்லேம்மா" என்றார். சொல்கிறேன் என்றேன். இப்போதுதான் சொல்கிறேன்.

ஆக, அந்த நான்கு நாள். கடிதம் உண்மை என்று தெரிந்த பிறகு இழுப்பறையைத் திறந்து திறந்து பார்த்தேன். நான் போகாத இடத்துக்கு நீ போவது எனக்குப் பொறாமையா என்று என்னையே சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கலாம். அதை விடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. நீ போய், அங்கே நின்று, யாரும் உன்னைத் திருப்பி அனுப்பாமல் இருந்துவிட்டால், என்னையும் அன்று யாரும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். இத்தனை வருடம் கழித்து அது எனக்குத் தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தேன். உன் கடிதத்தை எனக்காகப் பூட்டி வைத்தேன்.

இதற்காக டெல்லியை நான் நம்பிவிட்டேன் என்று எண்ணாதே. நம்பவில்லை. விண்ணப்பத்தோடு டெல்லியிலிருந்து வந்த புத்தகத்தின் அட்டையில் மரத்தடியில் ஏழு பேர் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். கணக்குப் படிக்கிறவர்கள் அப்படிக் கூட்டமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. நீ கணக்குப் போடும்போது உன் முகம் பல் வலிக்காரியின் முகம். விடுதி உண்டு என்று எழுதியிருக்கிறார்கள், எல்லாருக்கும் உண்டு என்று எழுதவில்லை. அந்த வரியை நீ கவனித்தாயா? உன் இந்தி எங்கள் கம்பெனி வாசலில் கேட்டுப் பழகிய இந்தி. உன் ஆங்கிலம் எழுதும்போது நன்றாக இருக்கிறது, பேசும்போது மூச்சு வாங்குகிறது. மஞ்சுளா சொல்வதும் பொய்யில்லை. பெங்களூருவிலும் கணிதத் துறை இருக்கிறது, விண்ணப்பத் தேதி இன்னும் தாண்டவில்லை, கன்னடம் உனக்குத் தளி பஸ்ஸிலேயே பழக்கம், மாலையில் வீட்டுக்கு வரலாம். அந்த ஊரில் நடக்கத் தெரியும் உனக்கு. டெல்லியில் பெரிய ஆட்கள் பாடம் எடுக்கிறார்கள் என்கிறாய். பெரிய ஆட்கள் வகுப்புக்கு வருகிறார்களா என்று கேட்டாயா? அங்கே படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள்? பெயர் தெரிந்த இரண்டு பேரைச் சொல்லாமல், பெயர் தெரியாத நாற்பது பேரைப் பற்றி யாராவது சொல்கிறார்களா? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். கேள். நானும் கேட்பேன். இவற்றில் எதற்காக வேண்டுமானாலும் நீ போகாமல் இருக்கலாம். பெங்களூரு என்று முடிவு செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். என் அட்டையில் எழுதிய காரணத்துக்காக மட்டும் போகாமல் இருக்காதே. அந்தக் காரணம் உன்னுடையது அல்ல. அதை நீ வாங்கிக்கொண்டால் அதற்குப் பிறகு எதையும் உன்னால் நம்ப முடியாது. உனக்கு வந்த எந்த நல்லதையும். எனக்குத் தெரியும்.

ஒருமுறை உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா. அளந்து பார்க்காமலே சரி என்று எப்படிடி சொல்கிறாய் என்று. நீ நோட்டிலிருந்து தலை தூக்காமல், "அளக்கத் தேவையில்லம்மா, நிரூபிச்சா போதும். ஒரு தடவை நிரூபிச்சுட்டா அப்புறம் அது நிரூபிச்சதுதான். உங்க கம்பெனி மாதிரி பெட்டி பெட்டியா பாத்துக்கிட்டே இருக்க வேண்டாம்" என்றாய். அன்று எனக்கு அது திமிர் மாதிரி பட்டது. நீ எத்தனை முறை நிரூபித்திருக்கிறாய் என்று இந்த இரண்டு நாளாக எண்ணிப் பார்க்கிறேன்.

படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. போட்டுவிட்டேன். நீ போனாலும் போகாவிட்டாலும் அது உன் மேஜையில் இருக்கட்டும். உன் கையெழுத்துக்கான இடத்தை நான் தொடவில்லை. சனிக்கிழமை எனக்கு முதல் ஷிப்ட், உன்னோடு ஃபேக்ஸ் கடைக்கு வர மாட்டேன். வந்தால் அந்தக் காகிதம் மெஷினுக்குள் சரியாகப் போகிறதா, எழுத்து தெளிவாக விழுகிறதா, அவன் நம்பரைச் சரியாக அடித்தானா என்று நின்று பார்ப்பேன். நீயே போ. அல்லது போகாதே. மாலை வந்ததும் நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

போவதாக இருந்தால் ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் எழுது. யார் உன் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தார்கள், எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டாய், சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைத்தாய், எந்த நாள் திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றியது, எல்லாவற்றையும் எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே. நான் நம்ப மாட்டேன்.

அம்மா